சும்மாடு வச்சுப் படுத்த கழுத்து

எங்க அஞ்சம்மா அக்கா கழுத்துல கத்தி வைக்கப் போறாங்கன்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அக்கான்னா கூடப்பிறந்தவ இல்லை, என் ஓரகத்தி, வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். பத்தொம்பது வருசமா மரக்காணம் உப்பளத்துல ஒண்ணா உப்புக் கூடை சுமக்கறோம். போன மாசம் பாத்தி வரப்புல கூடையோட வழுக்கி விழுந்தா, கழுத்து பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா, மண்டையோட அடியும் கழுத்தெலும்பும் சேர்ற கோணம் குறைஞ்சிருக்குது, ஸ்க்ரூ போட வேண்டி வரலாம், அப்புறம் தலையில சுமையே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அக்கா ஒரே கேள்விதான் கேட்டா: "அப்ப நான் எதைத் தூக்கிப் பொழைக்கறது?"

இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுப் பாப்போம்னு அந்த ஸ்கேன் படத்தோட பாண்டிக்குப் போய்ப் பூவிழின்னு ஒரு டாக்டரம்மாவைப் பாத்தோம். சின்ன வயசுதான். கழுத்துல ஒரு கோளாறும் இல்லாத நம்ம பக்கத்து ஜனங்க முந்நூறு பேரோட ஸ்கேன் படத்தை வச்சுக்கிட்டு அளந்துக்கிட்டு இருக்குது அந்தப் பொண்ணு. எனக்கு வாய் சும்மா இருக்காது. "நல்லா இருக்கறவங்களை எதுக்கும்மா அளக்கறீங்க, வேற வேலை இல்லையா?"ன்னு கேட்டுட்டேன்.

"நல்ல கழுத்து எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானேங்க கெட்டதைச் சொல்ல முடியும்"னு சிரிச்சுட்டு, அக்கா படத்தைப் பெருசாக்குச்சு. கோடு போட்டுச்சு, அழிச்சுச்சு, மறுபடி போட்டுச்சு. நூத்தி நாப்பத்தஞ்சு டிகிரி. அப்புறம் தலைக்குப் பின்னாடி மங்கலா வளையம் மாதிரி தெரிஞ்சதுமேல விரலை வச்சு, "இது என்னங்க?"ன்னுச்சு.

கிட்டப் போய்ப் பாத்தேன். அது அக்காவோட சும்மாடு, கூடைக்கு அடியில தலையில வைக்கற துணிச்சுருள். ஸ்கேன் எடுக்கறவர் அந்தாண்ட போனப்ப, வெறும் பலகையில தலை வலிக்குமேன்னு நான்தான் சொருகி வச்சேன். சும்மாடு பட்டதும் அக்கா பழக்கத்துல மோவாயை இழுத்து, கூடை சுமக்கற மாதிரி கழுத்தை விறைச்சுக்கிட்டா.

சொல்லித் தொலைச்சேன். அந்தப் பொண்ணு திட்டலை. "தலை முன்னால குனிஞ்சிருந்தா கோணம் குறைச்சலாத்தான் காட்டும். இன்னொரு தடவை எடுத்துடலாம்"னு சொல்லுச்சு.

இந்தத் தடவை நூத்தி ஐம்பத்தேழு. முந்நூறு பேர் அளவுக்குப் பக்கத்துல வச்சுக் காட்டுச்சு, அக்கா நட்ட நடுவுல இருந்தா. "சதைப் பிடிப்புதாங்க. சரியானதும் கூடை தூக்கலாம்." முந்நூறு கழுத்தை உக்காந்து அளந்த புண்ணியவதி, எங்க கழுத்தைக் காப்பாத்திட்டா. அவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

ஊருக்குப் போற பஸ் அனுமந்தை தாண்டினதும் அக்கா என் பக்கம் திரும்பினா. திட்டப் போறான்னு நெனச்சு நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டேன். அப்புறம் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "நீ வச்சது தலைக்கு இதமாத்தான்டி இருந்துச்சு"ன்னா.