8÷2(2+2): போடாமல் விட்ட அடைப்புக்குறி

1
இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. பிலிப்பைன்ஸின் இலோய்லோவில், லபாஸ் சந்தைக்குள் ஒரு கடையில் பாச்சோய் என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் கணக்கு டீச்சர் ரோவேனா தன் தோழியிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நான் நூடுல்ஸைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படித்தான்.

2
முதலில் எழுதிய தொடக்கம்: 'அரங்கின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த'

வேண்டாம். அன்று மழையே இல்லை.

நடந்தது இதுதான். கணக்குப் போட்டியில் இரண்டு பிள்ளைகள் சமமாக நின்றார்கள். ஒருத்தி ஜோவி, ரோவேனாவின் அண்ணன் எடிலின் மகள். வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசிக் கேள்வியை ரோவேனாதான் பலகையில் எழுதினாள்: 8÷2(2+2).

அடைப்புக்குள் நான்கு. இதில் யாருக்கும் சண்டையில்லை. இடமிருந்து வலமாகப் போனால் எட்டை இரண்டால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும், பதினாறு. அந்த இரண்டு அடைப்போடு ஒட்டியிருக்கிறதே, அதை முதலில் பெருக்குவோம் என்றால் எட்டை எட்டால் வகுக்க வேண்டும், ஒன்று.*

ஜோவி ஒன்று என்றாள். எதிர்ப்பையன் பதினாறு என்றான். சொந்தக்காரி என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று ரோவேனா கூடுதல் விறைப்பாக இருந்தாள். கோப்பை பையனுக்குப் போனது.

(* ரோவேனாவின் கைபேசி பதினாறு காட்டியது. எடிலின் பழைய கால்குலேட்டர் ஒன்று காட்டியது. இரண்டும் பழுதில்லாதவை.)

3
[இங்கே எடிலை முரடனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மகள் அழுததைப் பார்த்தவன், அவ்வளவுதான்.]

பிறகு ரோவேனாவுக்குப் புரிந்தது: இரண்டு விதமாகவும் படிக்கலாம், கேள்விதான் கோணல். அண்ணன் வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே போய் நின்றாள். அங்கே அண்ணனை மனோங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மனோங், கதவத் தொற. உள்ள வந்து ஒத்துக்கறேன்."

"மொதல்ல பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் ஒத்துக்க. அப்புறம் தொறக்கறேன்."

இதே சண்டைதான் பலகையிலும் நடந்தது. எது முதலில்?

4
முடிவு அ: கதவு முதலில் திறக்கிறது. பள்ளியில் சொல்வது நாளை, மறுநாள் என்று தள்ளிப்போய்

முடிவு ஆ: பள்ளியில் எல்லார் முன்னிலும் ஒத்துக்கொள்கிறாள். கூசிப்போனவள் அந்தக் கதவுப் பக்கமே

இரண்டையும் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வரிசை பேசிக்கொண்டிருந்தபோது ஜோவி ஜன்னலில் நின்றிருந்தாள். போட்டிக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. அவள் சொன்ன ஒரே பேச்சைத்தான் ரோவேனா கடையில் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்:

"அத்தை, நீங்க இன்னொரு அடைப்புக்குறி போட்டிருக்கலாம்ல. அப்புறம் நான் தோத்திருந்தாலும் பரவால்ல."

5
முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளத்தான் இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது ஒரு நாசூக்கு. ஆனால் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுப் போனதில்தான் ஒரு பிள்ளை கை தூக்குவதை நிறுத்தியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் ஒரே ஒரு அடைப்புக்குறி மட்டும் நான் போடுகிறேன். அடைப்புக்குள் இருப்பதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை.

(ரோவேனா ஜன்னலருகே போகிறாள். "ஜோவி, உன் விடை தப்பில்லடி. நான் எழுதின கேள்விதான் தப்பு.")

கதவு, பள்ளிக்கூடம் இரண்டும் வெளியே இருக்கின்றன. அவற்றை நீங்கள் எந்த வரிசையிலும் செய்துகொள்ளலாம்.