இரண்டாவது ஓலை

வருஷம் எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா என்று கேட்டால் திடமாகச் சொல்ல வராது. அன்று மாதா கோயிலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு என் நினைவும் கலங்கிவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிறு என்பது மட்டும் நிச்சயம்.

பஸ் டிரைவர் சின்னப்பனின் மகள் மரியபுஷ்பத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளைக் கேட்காமலே, செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த அருளப்பனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பேரையும் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். மூன்றாவதும் ஆகிவிட்டால் அப்புறம் தாலிதான். முதல் ஓலையில் தன் பேரைக் கேட்டபோது யாரோ ஒருத்தியைச் சொல்கிற மாதிரி இருந்தது புஷ்பத்துக்கு. ஏன் என்று தெரியவில்லை. அருளப்பன் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் தீபம் வந்தது. மலை சுற்றி வந்தவர்களின் கால் புண்ணுக்கு மருந்து போட, கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை. வருஷா வருஷம் உதவிக்குப் போகிற புஷ்பம் அந்த வருஷமும் போனாள். கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பாதத்திலும் பொடிக்கல் ஏறியிருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. கோயிலில் நற்கருணைக்கு எதிரில் முழங்காலில் இருக்கிற மாதிரியே இருந்தது. ஆயுசு முழுக்க இப்படியே இருந்துவிடலாம் என்று பட்டது. பட்டதும் கை நின்றுவிட்டது.

"என்னா பாப்பா, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

சாயந்திரம் மடத்துத் தலைவி மதரிடம் சொன்னாள். மதர் சொன்னார்: "கல்யாணத்துக்குப் பயந்து வர்றவங்களுக்கு இங்க இடமில்ல."

"பயமில்ல மதர். கூப்புட்ட மாதிரி இருக்குது."

"அப்போ அதை உங்க வீட்ல போயி சொல்லு."

வீட்டில் சொன்னாள்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. வாய மூடு" என்றார் சின்னப்பன்.

"கன்னியாஸ்திரி ஆவுற மூஞ்சியப் பாரு!" என்றாள் அம்மா கன்னியம்மாள். "நேத்து வரைக்கும் பூவுக்கு அழுதவ!"

"பூ இப்பவும் புடிக்கும்மா."

மூன்று நாள் போனது.

ஞாயிறு வந்தது. சாமியார் இரண்டாவது ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் பூசைக்குப் பிறகு தன் அறைக்கு வந்து சொல்வதுதான் வழக்கம். பெண்கள் பக்கம், தரையிலிருந்து புஷ்பம் எழுந்து நின்றாள்.

"தடை இருக்குது சாமி."

"யாரும்மா அது?"

"பொண்ணு நான்தான்."

"இவளே வேணாம்னா மாப்ள சைக்கிளையா கட்டிக்குவாரு?" என்று பின்னால் ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "பூசை முடியட்டும். ரூமுக்கு வா, பேசலாம்."

"என் பேரை எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்க. தடையையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். நான் மடத்துக்குப் போறேன். அவரு நல்லவரு, அவர் மேல குத்தம் இல்ல."

ஆண்கள் பக்கமிருந்து சின்னப்பன் வந்தார். நடுப்பாதையிலேயே அறைந்தார். "உட்காருடி!"

அவள் உட்காரவில்லை. இன்னொன்று விழுந்தது. அப்போதும் உட்காரவில்லை. சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தார். கடைசி ஆசீர்வாதம் வரைக்கும், முழங்காலில் இருக்க வேண்டிய நேரத்தில்கூட, புஷ்பம் நின்றபடியே இருந்தாள்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

இருபத்தொரு வயதில் அவள் மடத்தில் சேர்ந்தாள். எண்பத்துநாலில் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்தாள். அதற்குக் கன்னியம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போய்வந்தாள். கல்யாணம் நின்றதற்கு அடுத்த வைகாசியிலேயே அருளப்பன் வேட்டவலத்துப் பெண்ணைக் கட்டினார், மூன்று பிள்ளைகள். சின்னப்பன் மகளோடு பேசாமலே எண்பத்தேழில் இறந்தார். மரியபுஷ்பம் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள்.