நரி தண்ணீர் குடித்த வெள்ளிக்கிழமை

சாஜிதா பேகம் சமையலறை ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புறக்கடைக் குட்டைக்கு அந்தப்பக்கம், வேலியடியில் இரண்டு காதுகள் நிமிர்ந்தன. வந்துவிட்டது!

பெரியநாயக்கன்பாளையத்தின் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கப்புறம் நஞ்சப்பன் தோட்டமும் மலைக்காடும்தான். தொண்ணூற்றிரண்டில் ரமலான் நோன்பு பங்குனி வெயிலோடு வந்தது. ஓடைப் பள்ளமெல்லாம் காய்ந்துபோக, மலையிறங்கிய நரி நஞ்சப்பனின் கோழிகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியைத் தேடி வந்தது. வந்த கையோடு கோழிகளில் மூன்றைத் தூக்கிப் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேனுங்க அம்மணி," என்று சொல்லிவிட்டார் நஞ்சப்பன். "அப்புறம் அவுட்டுக்காய் வச்சுப்போடுவேன். கடிச்சா வெடிச்சு வாயே சிதறிப்போகும். எனக்கும் மனசில்லைங்க. ஆனா கோழியெல்லாம் போனா நான்தானே ஊளையிடோணும்?"

"தண்ணிக்குத்தானே வருதுங்ண்ணா? எங்க குட்டையில குடிக்க வச்சர்றேன். உங்க பக்கமே வராது."

"ஏனுங்க, நரிக்குப் பத்திரிகை அடிச்சு அழைக்கப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டே அவள் வேலையில் இறங்கினாள். குட்டை ஒரு கட்டில் அகலம்தான். நரி குனிந்து குடிக்க ஒரு பக்கம் கல்லடுக்கிச் சரிவாக்கினாள். சோப்பு வாசம் ஆகாதென்று துணி துவைப்பதை முன்வாசலுக்கு மாற்றினாள். கரையில் இரண்டு கறியெலும்பு வைத்தாள்.

நரியும் நாள் தவறாமல், சரியாக நோன்பு திறக்கும் வேளைக்கு வந்தது. பள்ளிவாசல் சைரன் ஒலித்ததும் அவள் கண்ணை மூடி துஆ ஓதி, பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்துவிட்டு எட்டிப்பார்ப்பாள். நரி இருக்காது. எலும்பு அப்படியே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் நஞ்சப்பனின் கோழிகள் கத்தும். மூன்று நாளும் இதே கதை.

'யா அல்லாஹ், என் தண்ணியில என்ன குறை?' என்று கலங்கிப்போனாள்.

வியாழக்கிழமை அவளுக்கு நோன்பில்லை. பெண்களுக்கு மாதத்தில் விலக்கான நாள். சைரனுக்குக் கண்ணை மூடும் வேலையும் இல்லை. நரி சரிவில் இறங்கியது. நாக்கு நீரைத் தொடப் போனது. சைரன் அலறியது. தூக்கிவாரிப்போட, நரி ஒரே தாவலில் வேலியைத் தாண்டி நஞ்சப்பன் பக்கம் ஓடியது. தாவிய நொடியில் அதன் வயிறு தெரிந்தது. பால் கட்டித் தொங்கும் காம்புகள்!

கணவர் பீர் முகம்மது பள்ளிவாசலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏனுங்க! நாமதாங்க அதைத் துரத்திட்டிருக்கோம்!" என்று ஓடிவந்தாள். அவர் போல்ட் கடைக்காரர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்புதான்.

"அதுக்கு? நரிக்காக நோன்பு திறக்கிற நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்றியா?"

"நேரம் அப்படியே இருக்கட்டும். நம்ம பக்கம் பார்த்த ஸ்பீக்கர் குழாயை மட்டும் திருப்புங்க. இங்க நம்ம ஊடு ஒண்ணுதானே? எனக்குக் கடிகாரம் போதும்."

"முத்தவல்லி கேட்டா?"

"தாகத்துக்குத் தண்ணின்னு சொல்லுங்க. பகலெல்லாம் நாக்கு வறண்டு இருக்கிறவருக்கு அது புரியாதா?"

புரிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பீர் முகம்மது ஸ்பேனரோடு மாடியேறியபோது, பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை சைரன் எங்கோ கொசு ரீங்கரிப்பது போலக் கேட்டது. நரியின் ஒரு காது துடித்தது. பிறகு தலை குனிந்தது. சளப், சளப்! வேலிக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் சரிவில் உருண்டு இறங்கின.

அப்போது பக்கவாசலில் நஞ்சப்பன் குரல். "ஏனுங்க அம்மணி, இன்னைக்குச் சங்கு ஊதலீங்களா? அதைக் கேட்டுத்தான் நான் பால் கறக்கிறது. மாடு கத்தி ஊரைக் கூட்டுது!" அவர் இடக்கையில் பால் வாளி, வலக்கையில், உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்த ஒரு துணிப்பை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

உதட்டில் விரல் வைத்து, அவரை ஜன்னலுக்கு அழைத்தாள்.

"அடடா, குட்டிக்காரிங்களா இது!"

நரி நிமிர்ந்து, மீசையில் நீர் சொட்ட, நேராக ஜன்னலைப் பார்த்தது.

"நரி முகத்துல முழிச்சுப்போட்டேனுங்க!" நஞ்சப்பன் கிசுகிசுத்தார். "பொழுது சாயறப்ப முழிச்சாலும் அதிர்ஷ்டம் உண்டுங்களா?"

"உண்டுங்ண்ணா. உங்க கோழிகளைக் கேளுங்க."

காதைத் தீட்டினார். தோட்டத்தில் ஒரு கோழி கூடக் கத்தவில்லை. பையைப் பதமாகக் கொண்டுபோய், முன்வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். "நனைஞ்சா வெடிக்காதுங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது திரும்பினார். "நாளையிலிருந்து பால் கறக்கிற நேரத்துக்கு எனக்கு ஒரு குரல் கொடுங்க அம்மணி. மெல்லமா. குழந்தைக தண்ணி குடிக்கிற நேரம் பாருங்க."