பழைய ஃபர்னஸும் மார்லிஸின் தலைவலியும்

ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எங்கள் டுலூத் ஊர் ஆண்கள் பீற்றிக்கொள்வது காரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அல்ல. யார் வீட்டு ஃபர்னஸ் ரொம்பப் பழசு என்பதைப் பற்றித்தான். குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கும் அந்த இரும்புப் பெட்டியை மாற்றியவன் ஏமாளி. ஒட்டுப்போட்டே ஓட்டுகிறவன் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரர்களில் முதல் ஆள் செல்மர். என்ன பெருமையோ, போங்கள்!

ஜனவரிக் குளிரில் ஒரு நாள் அவர் வீட்டு ஃபர்னஸ் திக்கித் திணறி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த டார்லா, கீழ்த்தளத்தில் விளக்கடித்துப் பார்த்தாள். உடனே கேஸை மூடினாள்.

"உள்ளே தகடு வெடிச்சிருக்கு. விஷவாயு வெளியே போகாம வீட்டுக்குள்ளயே வருது. கண்ணுக்கும் தெரியாது, வாசமும் அடிக்காது, ஆளைக் கொன்னுடும். வாயு கசிஞ்சா கத்துற அலாரம் இங்கே இருக்கணுமே?"

"அது சும்மா சும்மா கத்துச்சு. பேட்டரியைக் கழட்டிட்டேன்" என்றார் செல்மர்.

டார்லா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இதை இனிமே ஓட்டக் கூடாது. மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறக்க மேலே போனாள்.

"புதுசு விக்கிறதுக்குப் பயமுறுத்துறா. வழக்கமா ஒட்டுப்போடுற நம்ம ராய் வந்து ஒரு பூச்சு பூசினா இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்கும்" என்று செல்மர் போனை எடுத்தார்.

அவர் மனைவி மார்லிஸ் கோட்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் சாகக் கிடந்தாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் காலத்தை ஓட்டியிருந்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

"போன வாரம் அக்கா வீட்டுல தங்கியிருந்தப்போ எனக்குத் தலைவலியே வரல, செல்மர். இங்கே திரும்பின அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு."

"குளிருக்கு எல்லாருக்கும் வர்றதுதானே..."

"இந்தப் பெட்டி முனகினா தூக்கத்துலயும் எழுந்து ஓடி வருவே. நான் முனகினா மாத்திரை போட்டுட்டுப் படுன்னுவே. நான் செத்திருந்தா சர்ச்சுல என்னன்னு சொல்லியிருப்பே? பொண்டாட்டி போயிட்டா, ஃபர்னஸ் நல்லா ஓடுதுன்னா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் செல்மர் பதிலுக்குக் கத்தியிருப்பார். வெளுத்துப்போன அவள் முகத்தை அவர் வெகுநாளைக்குப் பிறகு உற்றுப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டார்.

"டார்லா! புதுசே போட்டுடு" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வா, முதல்ல டாக்டர்கிட்ட போவோம். அப்புறம் உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம். பழசைப் பழுதுபார்த்து ஓட்டுறது சிக்கனம்னு நெனச்சேன். வீட்டு ஆளைப் பலி கொடுத்து ஒரு பொருளைக் காப்பாத்துறது சிக்கனம் இல்ல மார்லிஸ், கொலை."