கந்தல் கிளறும் சொல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் இருந்த சிசிலியாவின் தட்டச்சுக் கடைக்குச் செபஸ்தியம்மா வந்து நின்றபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு, வைகாசி வெயில். மகன் வின்சன்ற் கடலுக்குப் போய்ப் பதினெட்டு நாள். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. குருநகரிலிருந்து பஸ் ஏறி வந்த மனுசியின் கையில் கொழும்பு அரசாங்கக் கந்தோர் ஒன்று அனுப்பிய இங்கிலீசுக் கடிதம்.

"வாசி பிள்ளை. நேவிக்காரர் பிடிச்சு வைச்சிருக்கினமோ?"

சிசிலியா மனதுக்குள் வாசித்தாள். கரையொதுங்கிய உடல்களின் உடுப்புகளை 'ஸ்குரூட்டினைஸ்' செய்கிறார்களாம். காணாமற்போனவர் போட்டிருந்த உடுப்பின் அடையாளங்களை உடனே அறிவிக்கட்டாம். கரையொதுங்கிய என்ற பாழாய்ப்போன சொல்லை அவள் விழுங்கிவிட்டாள். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"போட்டிருந்த உடுப்பிலை என்ன அடையாளம் எண்டு கேக்கினம் அம்மா."

செபஸ்தியம்மாவின் முகம் மலர்ந்தே விட்டது. "பிடிச்சு வைச்ச ஆக்களுக்குள்ளை அவனை மட்டுக்கட்டத்தான், என்ன? நீலச் சேட்டு. மேல்தெறி கழண்டுபோக நான்தான் சிவத்த நூலாலை தைச்சுவிட்டனான். எழுது!"

சிசிலியா அடித்தாள். அடித்துவிட்டு, ஐயோ, வேறு அர்த்தம் ஏதும் இருந்துவிடாதா என்ற நப்பாசையில் அகராதியைப் புரட்டினாள். நுணுகி ஆராய்தல் என்றிருந்தது. அதோடு மூடியிருக்கலாம். கீழே பொடி எழுத்தில் சொல்லின் வேர்.

"என்னத்துக்குப் புத்தகம் பாக்கிறாய்?"

"ஒரு சொல்லுக்கு அம்மா. வடிவாப் பாக்கிறது எண்டுதான்…"

"இழுக்காதை. மிச்சத்தையும் சொல்லு."

"இலத்தீனிலை இருந்து வந்ததாம். கந்தல் துணி, உடைசலுகளைக் கிளறித் தேடுறதுக்குச் சொன்னதாம்."

கோயிலில் இலத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவள் செபஸ்தியம்மா. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"ஆள் இருந்தால் பேரைக் கேக்கலாமே பிள்ளை. ஏன் துணியைக் கிளறுகினம்?"

சிசிலியா அகராதியை மூடினாள்.

"அந்த நூல் கதையை வெட்டு."

"அம்மா, அடையாளம் குடுக்காட்டில்…" உடலைப் பூசையும் இல்லாமல், பேரும் இல்லாமல் எங்கோ புதைத்துவிடுவார்கள்.

"வெட்டு எண்டுறன்! என்ரை பிள்ளையின்ரை சேட்டிலை ஒரு அடையாளமும் இல்லை எண்டு அடி. அவன் வருவான்."

சிசிலியாவின் விரல்கள் எழும்பவில்லை. செபஸ்தியம்மா எட்டி, அடித்த வரியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். தட்டச்சின் உருளை அவள் பாரத்தில் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது. வரி முடிந்ததைச் சொல்லும் மணி ஒருமுறை அடித்தது. அடுத்த வரிக்கு உருளையை இருவரும் திருப்பித் தள்ளவில்லை.