மூன்றாவது எண்

கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டபோது, அக்காவின் பைட்கோடு நின்றுபோய்ப் பதினொரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தது.

கடல்மட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கப்பல்காரர்களுக்குச் சொல்லும் புரோகிராம் எங்களுடையது. நான்கு ஆண்டுகளாகச் சர்வரில் ஓடியது. அவர்கள் அதைப் பிரவுசரிலும் கேட்டதால் அக்கா ஒரு கம்பைலர் எழுதினார். புரோகிராமை அது பைட்கோடாக, அதாவது எங்கும் ஓடக்கூடிய சிறுசிறு கட்டளைகளாக, மாற்றித் தரும். பிரவுசர், சர்வர் இரண்டிலும் அதே பைட்கோடு ஓடும். அக்கா எனக்குச் சொந்தமில்லை, எதிர் மேசை. மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பைட்கோடு ஓடத் தொடங்கிய இரண்டாவது விநாடியில் நின்றது. ஒவ்வொரு முறையும் அதே இடம். அக்கா தன் கம்பைலரை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். கனவிலும் பைட்டுகள்தான் வருகின்றன என்று வீட்டுக்காரரிடம் புலம்பினாராம். நடுவில் எங்கேயாவது நான் வருகிறேனா என்று அவர் கேட்டாராம்.

மேலாளர் புரோகிராமுக்குள் இருந்த கடல்மட்டக் கணக்கைச் சந்தேகிக்கவே இல்லை. நான்கு வருடமாகப் பிசகாத கணக்கு, கோளாறு கம்பைலரில்தான் என்றார். கணக்கை எழுதியவள் நான். சேர்ந்த மூன்றாம் மாதம் எழுதியது. அதை வைத்துத்தான் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. எனக்கும் சேர்த்து அது பேசிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, பைட்கோடு நின்ற இடத்தை நானே பார்த்தேன். பார்த்ததும் திரையை மூடிவிட்டேன். அதன்பின் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

இன்று சரிவராவிட்டால் கம்பைலரைக் கைவிடுவது, அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றுவது என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். அக்கா சண்டை போடவில்லை.

"தேடாத இடமில்ல சார். என் கண்ணுக்குச் சிக்கல. கம்பைலரை எடுத்துடுங்க."

மேலாளர் பேனாவை மூடினார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று, வழக்கம்போல என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

எழுந்துவிட்டேன். முதலில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அக்காவோட கம்பைலர் சரியாத்தான் இருக்கு சார். கணக்குல ஒரு ஃபங்ஷன் ரெண்டு எண்தான் வாங்கும். கூப்பிடற இடத்துல நான் மூணு எண் அனுப்பியிருக்கேன். பழைய முறையில ஓடினப்போ சர்வர் மூணாவதைக் கண்டுக்காம விட்டுடுச்சு. பைட்கோடு அப்படி விடாது. எண்ணிப் பார்த்து, ஒத்துவரலன்னா நின்னுடும்."

மேலாளர் பேனாவைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார். அக்கா தன் குறிப்பேட்டில் மூன்று கோடு போட்டு, மூன்றாவதை அடித்தார். அவர் முகம் தெளிந்தது. சிரிக்கக்கூடப் போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"முந்தாநாளே தெரியும் அக்கா. தெரிஞ்சும் சொல்லல."