ஆறின வண்டி

“மோப்பம் பிடிக்கத் துப்பில்லாதவனுக்கு மெக்கானிக்னு போர்டு ஒரு கேடா?”

“உங்க வண்டியில வாடையே இல்ல சார். மூக்கைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க!”

எதிர்வீட்டு கேட்டுக்கு உள்ளே வீட்டுக்காரர், வெளியே மெக்கானிக். விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாசலுக்கு வந்தேன். ஊற்றி ஊற்றி அந்தச் செடி ஏற்கெனவே அழுகிவிட்டது, அது வேறு விஷயம்.

எதிர்வீட்டுக்காரரின் தங்கையை மெக்கானிக் பெண் கேட்டிருந்தான். அவளுக்கும் சம்மதம். அவள் போய்விட்டால் இவருக்குக் காப்பி போட ஆளில்லை. அதை வெளியே சொல்ல முடியுமா? “வண்டியில பெட்ரோல் வாடை எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடி, பொண்ணு தர்றேன். அதுவரைக்கும் கேட்டுக்குள்ள கால் வைக்காதே” என்றார். அந்தக் காலத்தில் வில்லை ஒடிக்கச் சொன்னார்கள், இவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

வாடை நிஜம்தான். காலையில் அவர் வண்டியைக் கிளப்பினால் என் சமையலறை வரைக்கும் அடிக்கும். ஆனால் மெக்கானிக் கடைக்குப் போனதும் மாயமாகிவிடும். அவனும் பெட்ரோல் டியூபை நுனியிலிருந்து அடி வரை தடவினான், கிளாம்ப்பை இறுக்கினான், ஃபில்டரை மாற்றினான். எங்கும் ஈரமில்லை. இவர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முந்தின நாள் துணி உலர்த்தும்போது தங்கையிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். “கடை அடுத்த தெருவுலதானே இருக்கு? உங்க அண்ணன் ஏம்மா ஊரையே சுத்திட்டுப் போறாரு? பால்காரர் பாலத்துக்கிட்ட பார்த்தாராம்.” அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

இப்போது அந்தத் தங்கை வண்டிச் சாவியோடு வெளியே வந்தாள்.

“நீங்க உள்ள வர வேணாம். வண்டி வெளியே வரும்” என்றாள் மெக்கானிக்கிடம்.

“ஏய், சாவியை வைடி!”

அவள் கேட்டை விரியத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினாள். தனியாளாக முடியுமா? நான் என் வீட்டுக்காரரைத் தள்ளினேன், அவர் போய் வண்டியைத் தள்ளினார்.

தெருவில் பானெட் திறந்தது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னான் மெக்கானிக். பெட்ரோல் பம்ப் முனகியது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், குழாயில் சொருகும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. குப்பென்று அடித்தது வாடை.

“சாவியை ஆஃப் பண்ணு! ரப்பர் வளையம் சார். ஆறியிருந்தா சுருங்கிக் கசியும், சூடானா உப்பி அடைச்சுக்கும். ஆறின வண்டியை என் கண்ணுலயே காட்டலையே நீங்க!”

“நீயே பிளேடால கீறி விட்டிருப்படா” என்றார் அவர்.

“பாலத்தைச் சுத்தி எதுக்குண்ணே போனீங்க?” என்றாள் தங்கை.

அவர் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. “ஆமாடி, சூடேத்தத்தான் போனேன்! ஓடினா வாடை நிக்கும்னு எனக்குத் தெரியாதா? இப்ப என்னங்கற? பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல!”

அவள் சாவியை உருவி அவர் காலடியில் வீசினாள். “வாங்க போகலாம்.”

மெக்கானிக்குக்குத் தொழில் புத்தி போகவில்லை. “சார், இதை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. பத்திக்கும்.”

“என் வண்டி, நான் எரிஞ்சு சாவேன். உனக்கென்னடா?”

அந்த வாரமே பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து என் வீட்டுக்காரர் போட்டார். போட்டதிலிருந்து எதிர்வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதில்லை. கடையைக் காலி செய்துகொண்டு மெக்கானிக்கும் அவளும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வண்டி தள்ளிவிட்ட இடத்திலேயே நிற்கிறது. கிளப்ப அவருக்குப் பயம், உள்ளே தள்ள ஆளில்லை. கேட்டை மட்டும் தினமும் பூட்டுகிறார், யார் வந்துவிடப்போகிறார்களோ.